வாட்டமான (சரிவான) தரையில் பீரோ சாய்கிறது, எப்படி நிறுத்துவது?

முத்தியால்பேட்டை வாசி:
புதுச்சேரியில் பழைய வாடகை வீடு, சிமென்ட் தரை. கழுவிவிட வாசல் பக்கம் வாட்டம் விட்டிருக்கிறார்கள். ஆறரை அடி இரும்பு பீரோ முன்னால் சாய்கிறது. வலது கதவு இறங்கி, பூட்டு விழவில்லை. அட்டை வைத்தால் நிற்கவில்லை.

கடலூர் தச்சன்:
அட்டை, தரை துடைக்கிற தண்ணீரில் ஊறி நசுங்கும். பிளைவுட் கடையில் கழிவு மைக்கா (மரச்சாமான் மேல் ஒட்டும் தகடு) கேளுங்கள், 1 மி.மீ. கனம், 2 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். கீலைத் தொடாதீர்கள், கோளாறு அதில் இல்லை: முன்வலது கால் தாழ்ந்து பெட்டியே கோணியிருக்கிறது. பீரோவைக் காலி செய்து, ரசமட்டத்தை (மட்டம் பார்க்கும் கருவி) மேலே குறுக்காகவும் முன்பின்னாகவும் வையுங்கள். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் நெம்பி அந்தக் காலின் அடியில் ஒவ்வொரு துண்டாகச் செருகட்டும். இரு கதவின் மேல்விளிம்பும் ஒரே கோட்டுக்கு வந்ததும் போதும். பிறகு முன்கால் இரண்டுக்கும் சமமாக இன்னும் 2 மி.மீ. கொடுத்தால் பாரம் சுவர்ப்பக்கம் போகும்.

முத்தியால்பேட்டை வாசி:
மைக்கா வழுக்காதா அண்ணே?

கடலூர் தச்சன்:
அடியில் சைக்கிள் டியூப் துண்டு, ஒரே ஒரு அடுக்கு. ரப்பரை அடுக்கினால் ஆடும். 10 மி.மீ.க்கு மேல் தூக்க வேண்டுமென்றால் தண்ணீர் தாங்கும் 12 மி.மீ. பிளைவுட் போடுங்கள்.

பீச் ரோடு:
சுவரிலும் எல் கிளாம்ப் (L வடிவப் பட்டை) போட்டுப் பிடியுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு. பழைய சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் பிளக் (திருகு பிடிக்கத் துளையில் செருகும் பிளாஸ்டிக் குழல்) நின்றால் கையோடு வந்துவிடும். டிரில்லில் ஹேமரை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிட்டு, செங்கலின் நடுவில் துளையிடுங்கள்; 75 மி.மீ. திருகு. கடல் காற்றுக்கு எவர்சில்வர் திருகுதான் தாங்கும்.