ஹைட்ரேஞ்சியா பூச்செடி: இடம் மாற்றியபோதும் கவாத்து செய்தபோதும் கண்டவை (புனைபெயர்களில் நால்வர் எழுதியது)

மண்வெட்டி
குளிர்கால முடிவில் முழங்கால் உயரத்துக்கு மட்டமாக வெட்டிவிட்ட பெரிய இலை ஹைட்ரேஞ்சியா அது. கீழே கிடந்த தண்டின் நுனி மொட்டைப் பிளேடால் நெடுக்கே பிளந்தால், உள்ளே குண்டூசித் தலை அளவில் பூங்கொத்து, பச்சையாக. அந்த வருடத்துப் பூ முழுக்கக் குப்பையில் கிடந்தது! செடி தளதளவென்று தழைத்தது, பூக்கவில்லை. இந்த இனம் கோடைக் கடைசியிலிருந்தே அடுத்த வருட மொட்டைப் பழைய தண்டில் கட்டிவிடும். பூ முடிந்த கையோடு கவாத்து செய்துவிட வேண்டும்.

இலைச்சருகு
மண்வெட்டி, எல்லா ஹைட்ரேஞ்சியாவுக்கும் இதைச் சொல்லிவிடாதீர்கள். கூம்பு வடிவில் பூக்கும் பேனிகுலேட்டாவும், மெல்லிய இலையும் வெள்ளை உருண்டைப் பூவும் உள்ள அர்போரெசென்ஸும் புதுத் தளிரில்தான் பூக்கும். இவற்றைக் குளிர்கால முடிவில் தைரியமாக வெட்டலாம். பேனிகுலேட்டாவில் போன வருடக் கிளைகளில் இரண்டு ஜோடி மொட்டு விட்டால் போதும். பிளவுபட்ட இலையுள்ள ஓக் இலை வகையோ, பெரிய இலை வகையைப் போலப் பழைய தண்டுக் கட்சி. கத்தரியை எடுக்குமுன் செடி எந்த இனம் என்று பாருங்கள்.

வேர்முடிச்சு
நடுக்கோடையில், பூவோடு பிடுங்கி நட்ட செடி. மதியம் இலையெல்லாம் தொங்கிவிட்டது. வீட்டுக்காரர் தொங்கத் தொங்கத் தண்ணீர் ஊற்றினார். விரலை விட்டால் மண் சேறு, அழுகல் நாற்றம். தோண்டினால் வேர் பழுப்பாகக் கையோடு கழன்று வந்தது. வேர் அறுபட்ட செடியால் ஈர மண்ணிலும் வேண்டிய அளவு நீர் உறிஞ்ச முடியாது. அப்போது வேண்டியது நிழல்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். இலை உதிர்ந்த பிறகு, மொட்டு வீங்குமுன் மாற்றுங்கள். மண் உறைந்திருந்தால் வேண்டாம். முதல் நாளே நன்றாக நீர் பாய்ச்சி, தண்டுகளைச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள். நடுத்தரப் புதருக்கு அடித்தண்டிலிருந்து 30 முதல் 45 செ.மீ. தள்ளி வட்டமாக வெட்டி, 30 செ.மீ. ஆழம் போனால் பெரும்பாலான வேர் வந்துவிடும். மேலாக, நார்நாராக ஓடுகிற வேர் இது. தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில் சாக்கைச் செருகித் தாய்மண்ணோடு தூக்குங்கள். புதுக்குழி அகலத்தில் இரண்டு மடங்கு, ஆழம் அதே அளவு. முன்பு மண் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டு புதைந்தால் அழுகக்கூடும். பாதி மண் போட்டு நீர் ஊற்றி, வடிந்த பின் மீதியை நிரப்புங்கள். மூடாக்கு 5 செ.மீ., தண்டை ஒட்டாமல். செடி வேர் பிடிக்கும்வரை ரசாயன உரம் வேண்டாம்.

நீலக்கொத்து
புது கான்கிரீட் சுவரோரம் மாற்றிய நீலச் செடி ரோஸாகப் பூத்ததைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு கசிந்து மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறியிருந்தது. 5.5-க்குக் கீழே இருந்தால் வேருக்கு அலுமினியம் கிடைத்து நீலம் வரும், 6.5-ஐத் தாண்டினால் ரோஸ். 4 லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்பேட் கரைத்து ஊற்றலாம், வேர் பிடித்த செடிக்கு மட்டும், ஈர மண்ணில். எலும்புத்தூள் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் அலுமினியத்தைக் கட்டிப்போடும். வெள்ளை வகைக்கு இது எதுவும் பலிக்காது.

மண்வெட்டி
இலைச்சருகு சொன்ன திருத்தம் சரி. பழையது, புதியது என இரண்டு தண்டிலும் பூக்கும் வகைகளும் உண்டு, அவற்றிலும் முதல் பூ பழைய தண்டில்தான். கிழடான பெரிய இலைச் செடிக்கு, தடித்த பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையோடு அறுத்தெடுங்கள். மீதி அடுத்த இரண்டு வருடங்களுக்கு.