சாண்டோரினியா, நாக்ஸோஸா? அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம்

கோபி வாய்க்கால்கரை:

வணக்கமுங்க. காலாண்டு விடுமுறையில் கிரீஸ் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்தத் தீவு என்பதில்தான் இழுபறி. நானும் வீட்டுக்காரரும், ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன், கூடவே என் அம்மா. அம்மாவுக்கு 66 வயது. சமதரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார். படி என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்காரருக்குச் சாண்டோரினிதான் வேண்டும். வெள்ளைச் சுவரும் நீலக் கும்பமும் உள்ள அந்தப் படத்தைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் பல வருடமாக மாட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்க்காமல் திரும்பினால் அவருக்கு மனசு ஆறாது, எனக்கும் அது புரிகிறது. ஆனால் எனக்கு இது கடலுக்காகப் போகிற பயணம். பிள்ளைகள் இருவரும் கீழ்பவானி வாய்க்காலிலும் கொடிவேரியிலும் தண்ணீரில் ஆடியே வளர்ந்தவர்கள். பெண் நன்றாக நீந்துவாள், பையன் இடுப்பளவுத் தண்ணீரில் விளையாடுவான். கடலில் இறங்கி நாள் முழுக்கக் கிடக்கும் விடுமுறை அவர்களுக்கு இதுவரை வாய்த்ததில்லை. தேடிப் பார்த்ததில் நாக்ஸோஸ் என்ற தீவின் கடற்கரை நல்லது என்கிறார்கள்.

இரண்டையும் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஒரே தீவில் தங்குவதா, இரண்டுக்கும் போவதா? சாண்டோரினியில் நிலநடுக்கம் என்று செய்தி வந்ததிலிருந்து அம்மா பயந்துகொண்டிருக்கிறார். அதுவும் ஒரு கவலை.

அந்தியூர் சந்தைமேடு:

சாண்டோரினியை விட்டுவிடாதீர்கள் சகோதரி. கடற்கரை பல நாட்டில் உண்டு. ஆனால் வெடித்த எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்து நிற்பதையும், அதன் விளிம்பில் ஊர் இருப்பதையும் வேறு எங்கே பார்ப்பீர்கள்? கப்பல் அந்த வளைவுக்குள் நுழையும்போது மேல்தளத்தில் நில்லுங்கள். செங்குத்துப் பாறைச் சுவரில் கறுப்பும் சிவப்பும் சாம்பலுமாக அடுக்குகள் தெரியும். உச்சியில் இருக்கும் வீடுகள் முதல் பார்வைக்குச் சுண்ணாம்புக் கோடு மாதிரிதான் இருக்கும்.

அக்ரோத்திரி என்ற இடம் ஒன்று போதும், அந்தத் தீவுக்குப் போகலாம். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊர். ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் என்ற ஆய்வாளர் 1967-இல் அங்கே அகழாய்வு தொடங்கினார். மாடி வீடுகள், தெருவுக்கடியில் சாக்கடை, உயரமான தானிய ஜாடிகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மனித உடல்கள் கிடைக்கவில்லை. முன்னதாக வந்த நிலநடுக்கத்திலேயே மக்கள் ஊரைக் காலி செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். முழுவதும் கூரை போட்டிருப்பதால் வெயிலும் இல்லை, நடைபாதையும் நன்றாக இருக்கும், அம்மாவே வரலாம்.

நிலநடுக்கம் 2025 பிப்ரவரியில் தொடர்ச்சியாக வந்தது. 10,000-க்கும் மேற்பட்டவர்கள் தீவை விட்டுப் போனார்கள். பிறகு அடங்கி, மக்கள் திரும்பிவிட்டார்கள். அம்மாவிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பூண்டி உளிச்சத்தம்:

அம்மிணி, நான் திருமுருகன்பூண்டியில் சிலைப்பட்டறை வைத்திருப்பவன். மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அவள் கூப்பிட்டுத்தான் நானும் வீட்டுக்காரியும் இந்த இரண்டு தீவுக்கும் போனோம். உங்கள் அம்மா வயசுதான் எனக்கும், முழங்கால் கதையும் அதேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடலில் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் நாக்ஸோஸில் தங்குங்கள். அந்தியூர்த் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவர் சொன்ன எல்லாம் கண்ணால் பார்ப்பது. பிள்ளைகள் தண்ணீரில் கிடக்கும் விஷயத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் சாண்டோரினியில் அது அவ்வளவு சிறப்பு கிடையாது. பெரிசா, கமாரி என்று இரண்டு பெரிய கடற்கரைகள் கிழக்குப் பக்கம் இருக்கின்றன. எரிமலைக் கறுப்பு மணலும் கூழாங்கல்லும்தான். மதிய வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. தண்ணீர் சுத்தம், ஆனால் சில அடி போனதுமே ஆழமாகிவிடும். உங்கள் பெண் சமாளிப்பாள், பையன் கரையோடு நிற்க வேண்டியதுதான். சிவப்புக் கடற்கரை என்று ஒன்றைப் படத்தில் காட்டுவார்கள். அங்கே பாறை சரியும் என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். படகில் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போகிறோம் என்பார்கள். படகிலிருந்து ஆழத்தில் குதித்து நீந்திப் போக வேண்டும், உங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராது.

நாக்ஸோஸ் வேறு மாதிரி. துறைமுகம் இருக்கும் ஊருக்குப் பெயர் ஹோரா. அந்த ஊர் முடிகிற இடத்திலேயே ஆயியோஸ் யோர்கியோஸ் கடற்கரை தொடங்கிவிடுகிறது. தங்கும் விடுதியிலிருந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனோம். பொன்னிற மணல், ரொம்ப தூரம் வரைக்கும் முழங்காலளவு தண்ணீர். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு என்பதால் காலையில் பார்த்த கரை சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கும். என் வீட்டுக்காரி கடலில் கால் நனைப்பதற்கே பயப்படுபவள். அங்கே உட்கார்ந்தே குளித்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கரையில் இருந்தேன், எனக்கு அது போதும்.

இன்னும் நல்ல மணல் வேண்டுமென்றால் தெற்கே சில கிலோமீட்டரில் ஆயியோஸ் புரோகோபியோஸ், அதை ஒட்டி ஆயியா அன்னா, அப்புறம் நீளமான பிளாக்கா. மூன்றுக்கும் ஹோராவிலிருந்து பஸ் உண்டு. கார் எடுப்பதானால் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே வண்டி வலது பக்கம் ஓட்ட வேண்டும்.

காற்று விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்ட்டில் மெல்தெமி என்ற வடக்குக் காற்று அந்தக் கடல் முழுக்க வீசும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து தென்னையை உலுக்குகிற நம்ம ஆடிக் காற்று மாதிரிதான், மாதமும் கிட்டத்தட்ட அதேதான். மணல் முகத்தில் அடிக்கும், சில நாள் கப்பலையே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் காலாண்டு விடுமுறையில் போவது உண்மையிலேயே நல்ல நேரம். செப்டம்பர் கடைசியில் காற்று தணிந்திருக்கும், கோடை முழுக்கச் சூடேறிய தண்ணீர் 23, 24 டிகிரியில் நிற்கும். மே மாத விடுமுறை என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், அப்போது தண்ணீர் சில்லென்று இருக்கும்.

கல்லைப் பற்றிப் பேசாமல் என்னால் முடிக்க முடியாது. நாக்ஸோஸ் பளிங்குத் தீவு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திட்டின்மேல் போர்த்தாரா என்ற பளிங்கு வாசல் தனியாக நிற்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அப்பல்லோவுக்குத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயில் அது. மேலே கிடக்கும் உத்திரக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று நான் அங்கேயே வெகுநேரம் நின்று கணக்குப் போட்டேன். ஃபிளேரியோ என்ற இடத்தில் மரநிழலில் ஒரு பெரிய ஆண் சிலை படுத்திருக்கிறது. கால் உடைந்ததால் கல்வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் முந்தைய உளித்தடம் அதில் இன்னும் தெரிகிறது. வடக்குக் கோடியில் அப்பொல்லோனாஸ் ஊரில் 10 மீட்டருக்கும் நீளமான இன்னொன்று குவாரியிலேயே கிடக்கிறது. கல்லில் பிளவு விழுந்திருக்கிறது. பிளவு ஓடிய கல்லை எந்த ஸ்தபதியும் தொடர மாட்டான், எனக்கு அதைப் பார்த்ததும் அந்தக் கைக்காரன் மனசு எப்படி இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது. பளிங்கை மெருகேற்றும் எமரிக் கல்லும் அந்தத் தீவிலேயே வெட்டியெடுத்தார்கள். நம்ம சிவன்மலைப் பக்கம் கிடைக்கும் குருந்தக்கல் அதற்குள் கலந்திருக்கிறது, அதுதான் அதற்கு அந்தக் கடினம். ஃபிளேரியோவுக்கு அம்மாவும் வரலாம், கொஞ்ச தூர நடைதான்.

வீட்டுக்காரரின் ஆசையையும் விட்டுவிட வேண்டாம். ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பலில் நாக்ஸோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதே வழியில் மேலும் தெற்கே போனால் சாண்டோரினி, சுமார் இரண்டு மணி நேரம். அதனால் முதலில் இரண்டு இரவு சாண்டோரினி, மிச்ச நாள் முழுக்க நாக்ஸோஸ் என்று வையுங்கள். கடைசி இரவை மட்டும் ஏதென்ஸில் வையுங்கள். காற்றால் கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் விமானம் தவறாது.

கோபி வாய்க்கால்கரை:

ஐயா, ரொம்ப நன்றிங்க. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. வீட்டுக்காரரும் படித்தார். இரண்டு இரவு என்றால் தனக்குச் சம்மதம் என்கிறார். சாண்டோரினியில் அம்மாவுக்குப் படி ஏறாமல் அந்தக் காட்சியைப் பார்க்க முடியுமா? இன்னொன்று, அது புரட்டாசி மாதம். அம்மா மாதம் முழுக்கச் சைவம், முட்டைகூடக் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சென்னிமலைத் தறிவீடு:

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி. நானும் சைவம்தான், கிரீஸில் பட்டினி கிடக்கவில்லை. அவர்கள் மதத்திலும் நோன்பு நாட்கள் நிறைய. அந்த நாட்களில் கறி, முட்டை, பால் எதுவும் சேர்க்க மாட்டார்கள், அதனால் காய்கறிச் சமையல் அவர்களுக்குப் பழக்கமானது. உணவகத்தில் “நிஸ்தீசிமா” இருக்கிறதா என்று கேட்டால் நோன்புச் சாப்பாட்டைக் காட்டுவார்கள். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: நோன்பிலும் இறால், கணவாய் சாப்பிடுவது அவர்களுக்கு உண்டு. அது வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

சாண்டோரினியில் ஃபாவா கேளுங்கள். அந்த மண்ணில் விளையும் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். அம்மா நிச்சயம் சாப்பிடுவார். அங்கே சின்னத் தக்காளியில் போடும் வடையும் உண்டு, முட்டை சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாக்ஸோஸ் உருளைக்கிழங்குக்குப் பேர்போன தீவு, பிள்ளைகள் கவலை அதோடு தீர்ந்தது. தக்காளிக்குள் அரிசி வைத்து வேகவைப்பது, பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளிச் சாற்றில் வேகவைப்பது, இரண்டும் எல்லா ஊரிலும் கிடைக்கும். அரிசி வைத்ததில் மட்டும் கறி சேர்த்த வகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

நாக்ஸோஸில் மாடு அதிகம். கிராவியேரா என்ற பாலாடைக்கட்டியைப் பெரும்பாலும் பசும்பாலில் செய்கிறார்கள், நல்ல ருசி. ஆனால் பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பது வழக்கம். புரட்டாசியில் அம்மாவுக்குக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள், முடிவை அவரே எடுக்கட்டும்.

சமையலறையோடு கூடிய வீடு எடுங்கள். ஒரு சின்னக் குக்கரும் புளிக்காய்ச்சலும் இருந்தால் அம்மா நிம்மதியாக இருப்பார்.

பூண்டி உளிச்சத்தம்:

படி விஷயம் அம்மிணி. சாண்டோரினிக்குக் கப்பல் வந்து நிற்பது அத்தினியோஸ் துறைமுகத்தில். அங்கிருந்து மேலே பஸ், டாக்ஸி போகும், ஏற வேண்டியதில்லை. தீவின் முக்கிய ஊரான ஃபிராவுக்குக் கீழே பழைய துறைமுகம் ஒன்று இருக்கிறது, உல்லாசக் கப்பல்காரர்கள் அங்கேதான் இறங்குவார்கள். அந்தப் பாதையில் 500-க்கும் மேற்பட்ட படிகள். பக்கத்திலேயே கேபிள் கார் ஓடுகிறது, கழுதைமேல் மட்டும் யாரையும் ஏற்றாதீர்கள். பாவம், அந்த ஜீவன்கள் வெயிலில் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை.

அறையை விளிம்பில் எடுத்தால் உள்ளே போகவே படி இறங்க வேண்டும். ஃபிராவில் பஸ் நிலையத்துக்குப் பக்கமாகச் சமதரையில் எடுங்கள், செலவும் குறையும். அங்கிருந்து மெல்ல நடந்தால் விளிம்புப் பாதை வந்துவிடும். உட்கார்ந்து பார்க்க இடமுண்டு. கடைப் படத்தில் இருக்கும் அந்த நீலக் கும்பம் ஈயா என்ற ஊரில் இருப்பதாகத்தான் இருக்கும். சூரியன் மறையும் நேரத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. விடியற்காலையில் வீட்டுக்காரரை மட்டும் அனுப்புங்கள், ஆசை தீரப் பார்த்துவிட்டு வரட்டும்.

விசாவை இப்போதே ஆரம்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ, உங்கள் பெண்ணுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இருப்பதால் பையனுக்குக் கட்டணம் இல்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் வேண்டும். அம்மாவின் வயதைச் சரியாகச் சொல்லி எடுங்கள், முழங்கால் மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும்.