பழைய குதிரை லாயத்துல சுவரோட அடிப்பக்கம் மட்டும் பூச்சு நிக்க மாட்டேங்குது, ஏன்?

மஞ்சக்குப்பத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா வாங்கிப் போட்ட பழைய பங்களா ஒன்னு மஞ்சக்குப்பத்துல இருக்கு, அதோட பின்னாடி தோட்டத்து ஓரமா நீட்டா ஒரு கட்டடம், வீட்டுல எல்லாரும் லாயம்னுதான் சொல்வாங்க ஆனா நான் பொறந்ததுலருந்து அதுல ஒடஞ்ச கட்டிலும் பழைய பேப்பரும்தான் கெடக்கு. நடுவுல பெரிய ஆர்ச், ரெண்டு பக்கமும் அறைங்க, மேல பலகை போட்ட பரண், சுவரு ரெண்டடி கனம். இத ட்யூஷன் சென்டரா மாத்தலாம்னு இருக்கோம். தரையிலருந்து மூணடி ஒசரம் வரைக்கும் உப்பு பூத்து பூச்சு பொலபொலன்னு கொட்டுது. ரெண்டு தடவ சிமெண்ட் பூசியாச்சு, ஒரு ஐப்பசி மழை தாண்டல. கொத்தனாரு கடல் காத்துங்கிறாரு, அப்படின்னா பங்களா சுவரும் கொட்டணும்ல?

சுண்ணாம்புக்காரன்:
தம்பி, தரை ஒரு பக்கமா சரிஞ்சு நடுவுல வாய்க்கா மாதிரி பள்ளம் இருக்கா? சுவத்துல இரும்பு வளையம்?

மஞ்சக்குப்பத்தான்:
வளையம் ரெண்டு இருக்குண்ணே, அம்மா துணி காயப்போட கயிறு கட்டியிருக்காங்க. வாய்க்கா எங்கப்பா சின்ன வயசுல பாத்திருக்காராம், மேல சிமெண்ட் தரை போட்டுட்டோம்.

சுண்ணாம்புக்காரன்:
வளையம் குதிரை கட்ட, வாய்க்கா மூத்திரம் ஓட. அப்ப உங்க சுவத்து உப்புக்குக் காரணம் குதிரை மூத்திரம்தான், சிரிக்காதீங்க. வருஷக்கணக்கா தரையும் செங்கல்லும் குடிச்சு வச்சிருக்கு, அது மண்ணுல மக்கி நைட்ரேட் உப்பா மாறிடும். அந்தக் காலத்துல வெடிமருந்துக்குப் போடுற வெடியுப்பே தொழுவத்து மண்ண காய்ச்சித்தான் எடுத்தாங்க, அதே சரக்குதான் உங்க சுவத்துல. இந்த உப்பு மழை இல்லாட்டியும் காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், வெயில்ல காஞ்சா கல்கண்டு மாதிரி கட்டிக்கிட்டு பூச்ச தள்ளிரும். மேல சிமெண்ட் பூசுனா ஈரம் வெளிய போக வழியில்ல, உப்பு உள்ளயே கட்டிக்கிட்டு செங்கல் மேல்தோலையும் சேத்து பேத்துக்கிட்டு வரும். சிமெண்ட்ட செதுக்கி எடுத்துட்டு பங்குனி சித்திரை முழுக்க சுவத்த தொறந்து போடுங்க. பூக்குற உப்ப காஞ்ச பிரஷ்ஷால மட்டும் தள்ளி அள்ளிக் கொட்டுங்க, தண்ணி ஊத்தி கழுவுனா கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். அப்புறம் தண்ணில ஊறப்போட்டு புளிக்க வச்ச சுண்ணாம்பு ஒன்னுக்கு மணல் மூணுன்னு கலந்து பூசுங்க. அதுவும் சில வருஷத்துல கொட்டும், கொட்டட்டும், உப்ப வாங்கிக்கிட்டு உதிரத்தான் அந்தப் பூச்சு.

சோம்பேறி_ஓடி:
இவ்ளோ எதுக்கு, நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிட்டு போங்க ப்ரோ

சுண்ணாம்புக்காரன்:
ஒட்டுங்க, உப்பு அஞ்சாவது அடியில பூக்கும்.

புஸ்புஸ்வண்டி:
பாண்டிலருந்து. லாயத்துக்குன்னே கட்டட சாஸ்திரம் ஒன்னு இருந்துச்சு, அத கெடுத்துறாதீங்க. ஆர்ச் கோச்சு வண்டி நுழைய, பரண் வைக்கோலுக்கு, மேலருந்து அப்படியே தீனிக்கு தள்ளி விடுவாங்க. ஜன்னல் ஒசரத்துல இருந்தா குதிரை மேல நேரா காத்தடிக்காது, சூடும் மூத்திர நெடியும் மேல போயிரும். இங்கிலாந்துல சாட்ஸ்வர்த் மாளிகையோட லாயம் 1760 வாக்குல ஜேம்ஸ் பெய்ன்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டுனது, 80 குதிரைக்கு, வாசல் மேல மணிக்கூண்டு வேற. இப்ப உள்ள கடையும் ரெஸ்டாரண்டும் நடக்குது. பிரான்ஸ்ல ஷான்டியில 1719ல ஆரம்பிச்ச லாயம் 240 குதிரைக்கு, அதோட சொந்தக்காரப் பிரபு அடுத்த ஜென்மத்துல குதிரையா பொறப்போம்னு நம்பி கட்டுனார்னு ஒரு கதை. கதையோ என்னவோ, பாத்தா அரண்மனைன்னுதான் சொல்வீங்க. ஒசர ஜன்னல ஏசிக்காக அடைச்சிராதீங்க, அப்புறம் புள்ளைங்கதான் புழுங்கும்.

மஞ்சக்குப்பத்தான்:
ஏசி மாட்ட ஆறு ஜன்னல்ல நாலு ஏற்கனவே அடைச்சாச்சு சார் 😬 பிரிச்சிடுறோம். ஞாயித்துக்கெழம சிமெண்ட் செதுக்க ஆள் சொல்லிட்டேன். துணிய எங்க காயப்போடறதுன்னு அம்மா கேக்குறாங்க.