பழைய பிஎஸ்பி கோ: உள்ளே இருக்கிற 22 கேமும் திறக்கலை, வைஃபையும் சேரலை. 9,500 ரூபாய் கொடுக்கலாமா?

சோமனூர்_தறி:
வணக்கங்க. கையில இருக்கிறது பிஎஸ்பி கோ, அதாவது சோனியோட கைக்கு அடங்கற கேம் மெஷின், என்1000 மாடல், கருப்பு. விக்கிறவர் கோயமுத்தூர்ல இருக்கார். 1,000 அட்வான்ஸ் வாங்கிட்டு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் சோதிச்சுப் பாருங்கன்னு கொடுத்திருக்கார். மொத்த வெலை 9,500. உள்ளே 22 கேம் இருக்குது, அதுக்குத்தான் இந்த வெலைன்னு சொல்றார். தன்னோட பிஎஸ்என் (சோனியோட ஆன்லைன் கேம் சேவை) கணக்கை டீஆக்டிவேட் பண்ணிட்டுத்தான் கொடுத்தாராம். இப்போ இருக்கிற நிலைமை:

22 கேமோட ஐகானும் தெரியுது. எதை அழுத்தினாலும் ஆக்டிவேட் பண்ணச் சொல்லி நின்னுருது.

வைஃபை ஸ்கேன்ல வீட்டு ரூட்டர் பேரே வரலை. போன் ஹாட்ஸ்பாட் பேர் வருது, ஆனா பாஸ்வேர்டு சரியாப் போட்டாலும் இணைய மாட்டேங்குது.

கூட வந்த கேபிளைக் கம்ப்யூட்டர்ல செருகினா ஆரஞ்சு விளக்கு எரியுது, டிரைவ் மட்டும் வரலை. மைக்ரோ எஸ்டி கார்டு ஸ்லாட்டுல உக்கார மாட்டேங்குது. ஸ்லைடு தொறக்கும்போது நறநறங்குது.

இதுல எது சரி பண்ணக்கூடியது, எதுக்கு வெலை குறைக்கச் சொல்லோணும்?

மஞ்சள்மண்டி:
முதல்ல கேம் விஷயத்தைப் பார்த்துருவோம் தம்பி. மத்ததெல்லாம் கேபிளும் செட்டிங்கும், சரி பண்ணிக்கலாம். இது அப்படி இல்லை.

பிஎஸ்பி கோவுல யூஎம்டி (கேம் வர்ற சின்ன டிஸ்க்) டிரைவே கிடையாது, முச்சூடும் டவுன்லோடுதான். டவுன்லோடு ஆன ஃபைல் வேற, அதைத் திறக்கிற உரிமம் வேற. ஃபைல் அந்த 16 ஜிபி உள் மெமரியில கிடக்குது. உரிமம் காசு கொடுத்து வாங்கினவரோட கணக்குல இருக்குது. மெஷின் அந்தக் கணக்குக்கு ஆக்டிவேட் ஆகியிருந்தாத்தான் கேம் திறக்கும். அவர் டீஆக்டிவேட் பண்ணிட்டாரு, அதனால உங்ககிட்ட இருக்கிறது வெறும் ஃபைல். நாளைக்கு உங்க கணக்குல ஆக்டிவேட் பண்ணினாலும் அவர் வாங்கின கேம் திறக்காது.

அவர் பண்ணினதுல தப்பும் இல்லைங்க. ஒரு கணக்குல வாங்கின பிஎஸ்பி கேமை, பிஎஸ்பியும் அதுக்குப் பொறவு வந்த பிஎஸ் வீட்டாவும் சேர்த்து ஒரே சமயத்துல 2 கைக்கருவியிலதான் ஆக்டிவேட் பண்ண முடியும். 2011 நவம்பருக்கு முன்னாடி அது 5. விக்கிறப்ப கணக்கை எடுக்காம விட்டா அவருக்குத்தான் ஒரு இடம் போகும். பாஸ்வேர்டு வாங்கிப் போட்டுக்கலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. அவர் நாளைக்குப் பாஸ்வேர்டு மாத்தினா அந்தக் கணக்குக்குள்ள நீங்க திரும்பப் போக முடியாது.

ஒரு ஐகான் மேல வெச்சு முக்கோணப் பட்டனை அழுத்தி இன்ஃபர்மேஷன்ல அளவைப் பாருங்க. யூஎம்டி அதிகபட்சமே 1.8 ஜிபி. அந்த அளவுக் கேம் 16 ஜிபியில 8 வெச்சாலே இடம் முடிஞ்சுரும். 22 இருக்குதுன்னா நிறைய சின்ன அளவுக் கேமாத்தான் இருக்கோணும், அதுல "மினிஸ்" கூட இருக்கலாம். 2009 அக்டோபர்ல கோ கூடவே வந்த சின்ன கேமுங்க அது, ஒவ்வொண்ணும் 100 எம்பிக்குள்ள. எதுவா இருந்தாலும் உரிமம் இல்லை, அதனால 22 கேமுக்கான வெலைன்னு நீங்க கொடுக்க வேண்டியது சைபர்.

சாலிடர்_சிங்காநல்லூர்:
அண்ணா கேமைச் சொல்லிட்டார், நான் சாமானைச் சொல்றேன்.

கேபிள்: ஆரஞ்சு எரிஞ்சு டிரைவ் வரலைன்னா முதல்ல செட்டிங்ஸ்ல யூஎஸ்பி கனெக்ஷனை நீங்களே அழுத்திப் பாருங்க. அப்பவும் வரலைன்னா அது சார்ஜுக்கு மட்டும் வயர் விட்ட மலிவுக் கேபிள். யூஎஸ்பியில 4 வயர் இருக்கோணும்: சிவப்பு 5 வோல்ட், கருப்பு எர்த், வெள்ளையும் பச்சையும் டேட்டா. மலிவுக் கேபிள்ல நடு ரெண்டும் இருக்காது. அதை வெச்சு சார்ஜ் ஏத்தலாம், ஒரு ஃபைல் கூட ஏத்த முடியாது. கோவோட சாக்கெட் தனி வடிவம். மத்த பிஎஸ்பியான 1000, 2000, 3000 மாடலோட மினி யூஎஸ்பி கேபிள் சேராது. பழைய வீட்டா கேபிள் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், அதையும் திணிக்காதீங்க. உள்ளே பின் வளைஞ்சா போர்டுல இருந்து சாக்கெட்டையே எடுத்து மாத்தோணும். டேட்டா வர்ற கேபிளைக் கொடுத்தாத்தான் மிச்சக் காசுன்னு சொல்லிருங்க. டவுன்லோடு மட்டுமே உள்ள மெஷினுக்கு அந்தக் கேபிள் உசுரு மாதிரி.

கார்டு: ஸ்லாட் பழுது இல்லீங்க. அது எம்2, அதாவது மெமரி ஸ்டிக் மைக்ரோ. 15 மில்லி நீளம், 12.5 மில்லி அகலம். மைக்ரோ எஸ்டியும் அதே 15 மில்லி நீளம்தான், ஆனா அகலம் 11. நீளம் ஒண்ணா இருக்கிறதால ஏமாந்து சொருகி, உள்ளேயே சிக்க வெச்சவங்க உண்டு. எம்2 16 ஜிபி வரைக்கும் எடுக்கும். போட்டதும் கம்ப்யூட்டர்ல ஃபார்மட் பண்ணாதீங்க, சிஸ்டம் செட்டிங்ஸ்ல இருக்கிற ஃபார்மட் மெமரி ஸ்டிக்கைப் பயன்படுத்துங்க. பக்கத்துலயே சிஸ்டம் ஸ்டோரேஜ் ஃபார்மட்டும் இருக்கும். அதைத் தொட்டா உள் மெமரி காலி.

ஸ்லைடு: உங்க ஊருன்னாச் சொல்லவே வேண்டாம், தறிப் பஞ்சு. ரெண்டு பக்கத் தடத்துலயும் எண்ணெய்ப் பசையோட ஒட்டிக் கறுப்பாத் திரண்டிருக்கும். மெஷினை அணைச்சுட்டு ஸ்லைடைத் தொறந்து, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல லேசா நனைச்சு, தடத்தோட நீளவாக்குல இழுங்க. ஊத்தக் கூடாது. தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதுவும் வேண்டாம், அடுத்த மாசம் அதுவே பஞ்சைப் புடிச்சுக்கும்.

நறநறப்பை விட முக்கியமான சோதனை ஒண்ணு இருக்குது. மெனு ஓடிட்டு இருக்கும்போதே ஸ்லைடை மெதுவா 20 தடவை தொறந்து மூடுங்க, பாதி வழியில நிறுத்தியும் பாருங்க. திரையில கோடு விழுந்தாலோ, வெளுத்துத் திரும்ப வந்தாலோ மேல் பாதிக்குப் போற ரிப்பன் கேபிள் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். அப்படின்னா வேண்டாம், கொடுத்துருங்க.

நொய்யல்கரை:
வைஃபைக்கு வர்றேன். உங்க ரூட்டரும் போனும் ரெண்டு வேற வேற காரணத்துக்குச் சேரலைங்க.

கோவுக்குத் தெரிஞ்சது 802.11பிங்கற பழைய வைஃபை முறை மட்டும், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் ஓடினாலோ, 2.4ல "802.11என் மட்டும்" போல புது முறையில வெச்சிருந்தாலோ பேரே வராது. ஹாட்ஸ்பாட் 2.4ல இருக்குது, அதனால பேர் வருது. ஆனா அதோட பாஸ்வேர்டுப் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. கோ பழைய டபிள்யூபிஏ வரைக்கும்தான் பேசும், அதனால பாஸ்வேர்டு சரியா இருந்தும் உள்ளே விடாது.

ரூட்டர்ல கெஸ்ட் நெட்வொர்க் ஒண்ணு தனியா உருவாக்குங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ், பி/ஜி/என் மிக்ஸட், சானல் 1 அல்லது 6 அல்லது 11னு நிலையா, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், பாதுகாப்பு "டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 மிக்ஸட்", டிகேஐபி, ஏஇஎஸ் ரெண்டு குறியாக்க முறையும் சேர்ந்தது. பேரும் பாஸ்வேர்டும் சாதாரண ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். கோவுல நெட்வொர்க் செட்டிங்ஸ், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மோட், நியூ கனெக்ஷன், ஸ்கேன். புது ரூட்டர் சிலதுல இந்த மிக்ஸட் தேர்வே இருக்காது. அப்போ மூலையில போட்டு வெச்ச பழைய ரூட்டரை எடுத்துக்கங்க. பாதுகாப்பே இல்லாம மெயின் நெட்வொர்க்கைத் தொறந்து விடாதீங்க. வேலை முடிஞ்சதும் கெஸ்ட்டை அணைச்சுருங்க.

இணைச்ச பொறவும் சைன் இன் தோத்தா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு தேதி. பேட்டரி முழுசா இறங்கிக் கிடந்த மெஷின்ல தேதி பழைய வருஷத்துக்குப் போயிருக்கும், சர்வர் சான்றிதழ் ஒத்துக்காது. இன்னொண்ணு, உங்க கணக்குல இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தா வழக்கமான பாஸ்வேர்டு எடுக்காது. வெப்ல கணக்கின் செக்யூரிட்டி பகுதியில "டிவைஸ் செட்டப் பாஸ்வேர்டு" உருவாக்கி அதைப் போடோணும்.

வேகம் பத்தி முன்னாடியே சொல்லிர்றேன். 802.11பியில நொடிக்கு 11 மெகாபிட்ங்கறது ஏட்டுக் கணக்கு. அதுலயே 1.8 ஜிபி கேம் இறங்க 22 நிமிஷம். நிஜத்துல அதுல பாதி வேகம் வந்தாலே பெருசு, ஒரு மணி நேரம்னு வெச்சுக்கங்க. சார்ஜர் செருகியே வெச்சு, பவர் சேவ் செட்டிங்ஸ்ல ஆட்டோ ஸ்லீப், வைஃபை பவர் சேவ் ரெண்டையும் ஆஃப் பண்ணிருங்க.

சோமனூர்_தறி:
நொம்ப நன்றிங்ணா. யூஎஸ்பி கனெக்ஷன் அழுத்தியும் டிரைவ் வரலை, அப்போ கேபிள்தான். ஸ்லைடு 20 தடவையும் பார்த்தேன், திரை ஆடலை. ஒரு சந்தேகம்: புதுசா கேம் வாங்கோணும்னா எப்படி? பிஎஸ்பி ஸ்டோர் மூடியாச்சுன்னு சொல்றாங்களே. அப்புறம், புதுசுல இதோட வெலை என்ன?

மஞ்சள்மண்டி:
பிஎஸ்பியில இருந்தே வாங்கற வழி 2021 ஜூலையோட நின்னு போச்சு. ஆனா பிஎஸ்3 (டிவியில மாட்டி ஆடற சோனி மெஷின்) ஸ்டோர்லயும் வீட்டா ஸ்டோர்லயும் இருக்கிற பிஎஸ்பி கேமை இன்னும் அங்கிருந்து வாங்கலாம். அங்கேயும் 2021 அக்டோபர்ல இருந்து கார்டு நேரா எடுக்காது. முன்னாடியே வெப்ல வாலட்டுக்குப் பணம் ஏத்திக்கோணும். வாலட் கோடு எந்த நாட்டுதோ, கணக்கும் அதே நாட்டுல இருக்கோணும்.

பிஎஸ்3 இருந்தா வைஃபை தொல்லையே இல்லை. கேமை அதுல டவுன்லோடு பண்ணி, கோவை டேட்டா கேபிள்ல செருகி யூஎஸ்பி கனெக்ஷன் போட்டு, பிஎஸ்3ல கேம் ஐகான் மேல முக்கோணம், காப்பி, அவ்வளவுதான். வீட்டாவுல வாங்கினதைக் கேபிள்ல மாத்த முடியாது. கோவுலயே அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்ல டவுன்லோடு லிஸ்ட்டைத் தொறந்து இறக்கோணும். ரெண்டு மெஷினும் கைக்கு எட்டாது, பழைய கணக்குல வாங்கின கேமும் இல்லைன்னா இந்தக் கோவை வாங்காதீங்க தம்பி. ஓசி ஐஎஸ்ஓ (திருட்டு கேம் காப்பி) பத்தி இந்த இழையில பேச வேண்டாம்.

வெலை: 2009 அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்காவுல 249.99 டாலர், அன்னைக்கு நம்ம காசுல 11,500க்கு மேல. அதே சமயம் யூஎம்டி டிரைவோட வந்த பிஎஸ்பி 3000 வெலை 169.99. டிரைவை எடுத்துட்டு 80 டாலர் கூட கேட்டாங்க. கையில இருக்கிற யூஎம்டியை டிஜிட்டலா மாத்தித் தர்ற யோசனையும் கைவிட்டாங்க. அதுதான் சனங்களுக்கு மனசு ஒப்பலை. 2010 அக்டோபர்ல 199.99 ஆக்கினாங்க, 2011ல தயாரிப்பே நின்னுருச்சு.

அந்தக் கூடுதல் காசுக்குக் கிடைச்சதும் உண்டு, அதையும் சொல்லோணும். எடை 158 கிராம், சட்டைப் பையில வெக்கலாம். திரை 3.8 அங்குலம், மத்ததெல்லாம் 4.3. புள்ளி அதே 480க்கு 272, அதனால படம் நெருக்கமா, கூர்மையாத் தெரியும். ப்ளூடூத் இருக்குது. எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது கேம் சஸ்பென்ட்: நடுவுல பிஎஸ் பட்டனை அழுத்தி அப்படியே உள் மெமரியில நிறுத்தி வெச்சு, மெஷினை அணைச்சுட்டுக்கூட அதே இடத்துல இருந்து தொடரலாம். மத்த பிஎஸ்பியில இது கிடையாது. ஒரு நேரத்துல ஒரு கேம்தான், அதனால சேவ் பண்றதையும் விட்டுராதீங்க.

சாலிடர்_சிங்காநல்லூர்:
வெலை பேசறதுக்கு முன்னாடி பேட்டரியையும் பாருங்க. உள்ளேயே பொருத்தினது, 3.7 வோல்ட், 930 எம்ஏஎச். 3000ல 1,200, அதுவும் கழட்டி மாத்தற மாதிரி. முழுசா சார்ஜ் பண்ணி சார்ஜரை எடுத்துட்டு, வெளிச்சம் நடு அளவுல வெச்சு ஒரு வீடியோவை ஓட விட்டு மணி பாருங்க. 2 மணி நேரம் தாக்குப் புடிச்சா இந்த வயசுக்கு நல்ல பேட்டரி. பாதிச் சார்ஜ் காட்டிட்டு இருக்கும்போதே பட்டுனு அணைஞ்சா மாத்தோணும். கண்ணாடி மேஜையில மல்லாக்க வெச்சு மூலையை அழுத்துங்க. ஆடினா பின்பக்கம் உப்பியிருக்குது, பேட்டரி வீங்கியிருக்குது. அப்போ சார்ஜ் போடறதையே நிறுத்திருங்க.

இன்னொண்ணு, தறி ஓடற லைன்ல வோல்டேஜ் ஏறி இறங்கும். பேர் தெரியாத அடாப்டரை அங்கே வெக்காதீங்க. 5 வோல்ட், 1.5 ஆம்பியர் தர்ற நல்ல அடாப்டர், ஸ்டெபிலைசர் உள்ள பாயின்ட்.

என் கணக்கு: டேட்டா கேபிள் இல்லை, கேம் இல்லை, திரையும் ரிப்பனும் நல்லா இருக்குது, பேட்டரி 2 மணி நேரம் தாங்குதுன்னா 5,500. தாங்கலைன்னா அதுல 1,000 குறைச்சுக் கேளுங்க.

சோமனூர்_தறி:
வீடியோ 2 மணி 10 நிமிஷம் ஓடுச்சுங்க, மேஜையில ஆடலை. பழைய ரூட்டர்ல மிக்ஸட் போட்டதும் வைஃபை சேர்ந்துருச்சு. தேதி 2010ல நின்னுட்டு இருந்தது, மாத்தின பொறவு சைன் இன்னும் ஆச்சு. என் கணக்குல பிஎஸ்3ல வாங்கின 3 பிஎஸ்பி கேம் இருக்குது, சின்னது ஒண்ணை இறக்கித் தொறந்தேன், ஓடுது. மாமா வீட்டுல பிஎஸ்3யும் இருக்குது. விக்கிறவர் 5,800க்கு ஒத்துக்கிட்டார், ஒரிஜினல் கேபிளைத் தேடித் தர்றேன்னு சொல்றார். அந்த 22 ஃபைலை அழிச்சறலாங்களா?

நொய்யல்கரை:
கேம் ஃபைலை அழிச்சுருங்க, இடம் கிடைக்கும். ஒவ்வொண்ணா முக்கோணம், டெலீட். உள் மெமரியை முழுசா ஃபார்மட் பண்ணீங்கன்னா இப்போ இறக்கின உங்க கேமும் போயிரும், திரும்ப இறக்கோணும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பதிப்பு 6.61க்குக் கீழே இருந்தா அப்டேட் பண்ணுங்க. கம்ப்யூட்டர் வழியாப் பண்றதா இருந்தா கோவுக்குன்னு தனி ஃபைல் இருக்குது, மத்த பிஎஸ்பிக்கானது இதுல ஏறாது. பேட்டரி நிறைஞ்சு, சார்ஜரும் செருகியிருக்கும்போது மட்டும் ஆரம்பிங்க. கேபிள் கைக்கு வந்து, கம்ப்யூட்டர்ல டிரைவ் தெரிஞ்ச பொறவு மிச்சப் பணத்தைக் கொடுங்க.