டேண்டம் சைக்கிளில் 8 நாள் பயணம்: செயின் கழல்கிறது, இறக்கத்தில் ரிம் சுடுகிறது

முன்சீட்:
நானும் மனைவியும் டேண்டத்தில் (இருவர் முன்பின்னாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்) 8 நாள் பயணம் போகிறோம், தினம் 60 கி.மீ. கணக்கு. பாதிக்கு மேல் மலைப்பாதை. எங்கள் இருவர் எடை 135 கிலோ, சைக்கிள் 18, சாமான் 22. ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மையே பிடிக்கும் வகை), பின்சக்கரத்தில் 32 கம்பி, டயர் 28 மி.மீ. சாமானோடு ஓட்டிப் பார்த்ததில் மூன்று சிக்கல். ஏற்றத்தில் இடப்பக்கச் செயின் கழல்கிறது. இறக்கத்தில் ரிம் தொட முடியாதபடி சுடுகிறது. மனைவியால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. கிளம்பும் முன் எதை மாற்றுவது?

கோட்டம்:
முதலில் இறக்கத்தைப் பாருங்கள். மற்ற இரண்டும் தொந்தரவு, இதுதான் ஆபத்து. மொத்தம் 175 கிலோ 300 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 5 லட்சம் ஜூல். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற சூடு அது. இதில் காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனால் டேண்டத்தில் எடை இரண்டு ஆளுக்கு, காற்றை மறிப்பதோ ஓர் ஆளைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மிச்சமெல்லாம் ரிம்முக்குத்தான் போகிறது. ரிம் சுட்டால் டியூப் காற்றழுத்தம் ஏறும். உள்ளே கம்பி ஓட்டைகளை மூடும் ரிம் டேப் பிளாஸ்டிக்காக இருந்தால் அது இளகி, டியூப் கம்பி ஓட்டைக்குள் பிதுங்கி வெடிக்கும். இன்றே துணி டேப் போடுங்கள்.

முன்பிரேக், பின்பிரேக் இரண்டுக்கும் வேலையைப் பங்கு போடுங்கள். டேண்டம் நீளமானது, பின்சக்கரம் எளிதில் தூக்காது. தனி சைக்கிளைவிடப் பின்பிரேக் நன்றாகவே பிடிக்கும். பாதை நேராக இருக்கும் இடத்தில் பிரேக் பிடிக்காமல் ஓட்டி, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, உடனே பிரேக்கை விட்டுவிடுங்கள். வளைவுக்கு மேல் வளைவாக வரும் செங்குத்தில் அப்படி விட முடியாது, அங்கே நின்று நின்றுதான் இறங்க வேண்டும். நின்றதும் ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று ஆவியானால் ஆறும்வரை நகராதீர்கள். பிரேமில் டிஸ்க் பிரேக் மாட்ட இடம் இருந்தால் பின்னால் 203 மி.மீ. ரோட்டர் (பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டு) போடுவது நல்லது. இடம் இல்லாத பிரேமில் பற்றவைத்து மாட்டுவது வேண்டாம்.

இந்த எடைக்கு 32 கம்பி போதாது. பின்சக்கரத்துக்கு 36, முடிந்தால் 40. டயர் 35-37 மி.மீ., பிரேமில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். கனமான சாமானை முன்பக்கப் பைகளில் தாழ்வாக வையுங்கள். பின்னால் இருப்பவர் ஏற்கெனவே பின்சக்கரத்தை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

எண்ணெய்க்கை:
டைமிங் செயின், அதாவது முன், பின் கிராங்குகளை இணைக்கும் அந்த இடப்பக்கச் செயின் பற்றி. நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் மொத்தம் 10-12 மி.மீ. ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பல்சக்கரம் எதுவும் கச்சிதமான வட்டமாக இருக்காது, ஆகவே கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் இந்த அளவை வையுங்கள். இறுகும் இடத்துக்கும் தளரும் இடத்துக்கும் வித்தியாசம் அதிகமென்றால் பல்சக்கரத்தின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, லேசாகத் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி முறுக்குங்கள். இரண்டு பல்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

இறுக்கம் வைத்த பிறகும் தளர்ந்துகொண்டே வந்தால், முன் பாட்டம் பிராக்கெட்டின் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) எக்சென்ட்ரிக் நழுவுகிறது. அச்சை மையத்திலிருந்து விலக்கிப் பிடிக்கும் உருளை அது, அதைச் சுற்றித்தான் செயின் இறுக்கத்தை வைக்கிறோம். திருகால் பிடிக்கும் வகையில், திருகு முனை பதிந்த குழி அதன் மேல் இருக்கும். நீங்கள் ஒரு மில்லிமீட்டர் திருப்பி இறுக்கினாலும் திருகு பழைய குழிக்கே வழுக்கிப் போகும். கிராங்க் அச்சை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் அதே இறுக்கம் கிடைக்கும் என்பதால் எக்சென்ட்ரிக்கை எதிர்ப்பக்கம் சுற்றி வையுங்கள், திருகுக்குப் புது இடம் கிடைக்கும். முன்பெடலின் உயரம் மாறும், முன்சீட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பின்சீட்:
மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே! பின்னால் இருப்பவருக்குப் பள்ளம் தெரியாது. முன்னால் இருப்பவர் சீட்டிலிருந்து எடையைத் தூக்கிப் பெடலில் ஊன்றிக்கொள்வார், பின்னால் இருப்பவர் முழு அடியையும் முதுகெலும்பில் வாங்குவார். சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த சீட் தண்டு) கட்டாயம் போடுங்கள். ஸ்பிரிங்கை அவருடைய எடைக்குப் பார்த்து வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், வாயைத் திறந்து சொல்வது: "பள்ளம்", "கியர்", "நிறுத்து". நீங்கள் பெடலை நிறுத்தினால் அவர் காலும் நிற்கும். சொல்லாமல் நிறுத்தினால் அவர் முழங்கால் அடி வாங்கும். 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை "எழு" என்று சொல்லி, இருவரும் சேர்ந்து பெடல் மேல் எழுந்து பத்து விநாடி அப்படியே போங்கள்.

கிளம்பும்போது நீங்கள் காலை அகட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்து நில்லுங்கள். அவர் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்து, நீங்கள் மிதிக்க வேண்டிய பெடலை மேலே கொண்டுவருவார். காலை அகட்டாமல் நின்றால் சுற்றும் பெடல் உங்கள் கெண்டைக்காலை இடிக்கும்.

முன்சீட்:
மிக்க நன்றி. உதிரி என்னென்ன எடுப்பது?

கோட்டம்:
பின் பிரேக், பின் கியர் கேபிள் தலா ஒன்று, டேண்டம் நீளத்தில். சாதாரண கேபிள் எட்டவே எட்டாது, வழியிலும் எளிதில் கிடைக்காது. சக்கரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கம்பி நீளம் மாறும். நீளத்துக்கு மூன்று எடுத்து பிரேமில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கியர் பக்கம்தான் அதிகம் உடையும், அதை மாற்ற கேசட்டைக் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) கழற்ற வேண்டும், அதற்கான சாவியும் வேண்டும். புது செயினில் பெரும்பாலும் 116 கண்ணிதான் இருக்கும், டைமிங் செயினுக்கு அது பத்தாது. ஆகவே நீளம் கூட்ட இணைக்கும் செயின் துண்டு ஒன்றும், இரண்டு செயினுக்கும் அதற்கதற்குப் பொருந்தும் குயிக் லிங்க்கும் (செயின் முனைகளை இணைக்கும் கண்ணி) பையில் இருக்கட்டும்.