வீட்டில் கார் வேலை பார்க்கும்போது எதிர்பாராமல் கைகொடுத்த சாமான் எது?

கம்பம் மேற்கு:
எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மாற்றியது போன மாசம். அந்த நிமிஷம் இன்னும் விரலிலேயே நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலைக் கழற்றினால் பிளக் குழிக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், கை போகாது, உங்களுக்கே தெரியும். பழையதைக் கழற்றியாச்சு, புதுசை ஏற்றத்தான் பயம். பிளக் ஏறுகிற எஞ்சின் ஹெட் அலுமினியம், மரை மாறி ஏறினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மாமனாரின் ஏலத்தோட்டத்து மருந்தடிக்கிற பம்பின் பழைய ஓஸ் ஷெட்டில் கிடந்தது. அதில் ஒரு முழம் வெட்டி பிளக்கின் பீங்கான் தலையில் செருகினேன், கிச்சென்று பிடித்தது. இரண்டு பிளக் அப்படியே இறங்கின. மூன்றாவது அரைச் சுற்றில் நின்றுவிட்டது, ஓஸ் மட்டும் பீங்கான் மேல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. கோணலாக ஏறியிருக்கிறது. மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன், மரை மேல் மரை விழுகிற சின்ன ‘டிக்’ கேட்டது, அங்கிருந்து வலப்பக்கம் திருப்பியதும் தடையே இல்லாமல் உள்ளே போனது. பாக்ஸ் ஸ்பேனர் கையில் இருந்திருந்தால் அந்தத் தடை தெரிந்திருக்காது, முறுக்கியே விட்டிருப்பேன். கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான் ஸ்பேனர் எடுத்தேன்.

செங்கோட்டை சாரல்:
எனக்கு ஈர்க்குச்சி. தென்னந்துடைப்பத்தில் உருவியது. புனலூரில் இருந்து ஆரியங்காவு வழியாக வருகிறோம், நல்ல மழை, கண்ணாடி ஏற்றி ஏசி ஓடுகிறது. புளியரை இறக்கத்தில் அம்மா “காலெல்லாம் ஈரம்டா” என்றாள். மழைத் தண்ணீர்தான் எங்கேயோ ஒழுகுது என்று நினைத்தேன். மறுநாள் வெயிலில் ஏசி போட்டு வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் காருக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. ஏசி தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்திருக்கிறது, அதுதான் உள்ளே மிதியடியில் வழிகிறது. எஞ்சின் பக்கமாகக் கீழே எட்டிப் பார்த்து, அந்த ரப்பர் மூக்கில் ஈர்க்குச்சியின் தடித்த முனையை ஒரு விரல் நீளம்தான் விட்டேன். கறுப்பாக ஒரு சேற்றுக் கட்டி வந்தது, பின்னாடியே ஒரு செம்பு தண்ணீர் கொட்டியது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், துடைப்பத்தைத் திரும்பக் கேட்கவே இல்லை.

வேலந்தாவளம் ரோடு:
செங்கோட்டை நண்பரே, ஈர்க்குச்சி முறிந்து உள்ளே நின்றால் என்ன செய்வீர்கள்? ஆழமாக விட்டால் கூலிங் காயிலையும் குத்தும். சைக்கிள் பம்பில் காற்று கொடுத்தாலே போதும். என் அனுபவம் சின்னது. டயர் கடையில் மெஷின் வைத்து இறுக்கிய வீல் நட்டு காரோடு வந்த ஸ்பேனருக்கு அசையவில்லை, போர்வெல்லில் கழித்துப்போட்ட ஜிஐ பைப்பை ஸ்பேனர் பிடியில் செருகியதும் ஒரே அழுத்தில் விட்டது. அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்கே நிறைய பேர் காருக்கு அடியில் போகிறீர்கள். நட்டைத் தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே. ஜாக்கி ஏற்றின பிறகு பைப் போட்டு இழுத்தால் வண்டி ஜாக்கியை விட்டு நழுவும். ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியரில் நிறுத்துங்கள், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு கைகூட அடியில் விடாதீர்கள். தூக்கின வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்ட் வாங்குங்கள், இரண்டாக வாங்குங்கள். தயவுசெய்து செங்கலும் ஹாலோ பிளாக்கும் அடுக்காதீர்கள், அது முன்கூட்டிச் சொல்லாது, ஒரே நொடியில் பொடியாகும். கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்கப் போடுங்கள், எது வழுக்கினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். எங்கள் தெருவில் ஒருவர் கை போயிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

களியக்காவிளை அண்ணன்:
மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய புது டிரிப் டியூப். பின் சக்கர பிரேக் சிலிண்டர் மாற்றின பிறகு பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். வீட்டுக்காரி உள்ளே, நான் சக்கரத்தடியில். “சவுட்டு” என்பேன், அதாவது பெடலை மிதி; டியூப் மாட்டிய, காற்று வெளியே விடுகிற நிப்பிளைத் திறப்பேன், மூடுவேன், “விடு”. டியூபின் மறுமுனை சிரட்டையில் ஊற்றின பிரேக் ஆயிலுக்குள் முங்கியிருக்கும். கண்ணாடி மாதிரித் தெரிகிற டியூப் என்பதால் குமிழி வருவது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. முதலில் சோடா மாதிரி நுரை, அப்புறம் கடுகு போல ஒவ்வொன்று. பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் சுத்தமாக ஒரு கோடு, குமிழியே இல்லை. அதே நேரம் உள்ளேயிருந்து “இப்ப கல்லு மாதிரி இருக்கு” என்றாள். ரெண்டு பேருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. நடுவில் மேலே டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்கணும், பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும்.

பள்ளிப்பட்டு எல்லை:
வேலந்தாவளம் அண்ணே, ஸ்டாண்ட் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஈர்க்குச்சியில் செங்கோட்டைக்காரர் பக்கம்தான் நான், காற்றடித்தால் சேறு சில சமயம் இன்னும் உள்ளேதான் போகும். எங்களுக்கு ஆப்ப சோடா. திருப்பதி கிளம்புகிற விடியற்காலை சாவியைத் திருப்பினால் டக் டக் சத்தம் மட்டும். மீட்டரில் பேட்டரி 12.5 வோல்ட், நல்லாவே இருக்கிறது. டெர்மினலில் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். சுர்ரென்று பொங்கி, அடியில் ஈயத்தின் சாம்பல் நிறம் தெரிந்தது. மூடிகள் இறுக்கமா என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்றணும், கரைசல் பேட்டரிக்குள் போகக் கூடாது. மாட்டியதும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட், எஞ்சின் ஓடும்போது மீட்டரில் 14.1 வோல்ட், சார்ஜ் ஏறுகிறது. கம்பம் நண்பரே, அந்த ஓஸ் எத்தனை எம்எம்?

கம்பம் மேற்கு:
உள் துளை 8.5 எம்எம். பிளக் மாடல் மாறினால் தடிமனும் மாறும். உங்கள் பழைய பிளக் ஒன்றை உரக்கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.