4,180 பேர் இலவசமாகப் படிக்கிறார்கள், 29 பேர்தான் சந்தா கட்டுகிறார்கள்: விலையைக் குறைக்கலாமா?

நூல்கண்டு:
வணக்கம். சிறு பட்டறை, சிறு ஆலை நடத்துபவர்களுக்காக வியாழன்தோறும் தமிழில் ஒரு செய்திமடல் மெயிலில் போகிறது. ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ, வராத பாக்கி, கடன் திட்டங்கள், இதுதான் சரக்கு. கட்டணச் சந்தா தொடங்கிப் பத்து வாரம் ஆகிறது. விவரம்:

பட்டியலில் 4,180 பேர். திறப்பு விகிதம் 47%. கட்டணம் மாதம் ₹149, மாதாமாதம் கார்டிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. சேர்ந்தவர்கள் 34, நின்றவர்கள் 5, மிச்சம் 29. மடல் சுமார் 2,300 சொல், முழுசாக எல்லோருக்கும் போகிறது. கட்டியவர்களுக்கு மாதம் ஒரு கூடுதல் மடல். சந்தா பட்டன் மடலின் கடைசியில் இருக்கிறது.

பாதிப் பேர் திறந்து படித்தும் 1% கூடத் தேறவில்லை என்றால் விலைதான் காரணம் என்று படுகிறது. ₹79 ஆக்கினால் சரிவருமா?

மெயில்வாகனம்:
விலையில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். 29 பேர் × ₹149 = ₹4,321. அதே தொகை ₹79-இல் வர 55 பேர் வேண்டும். விலை பாதியானதாலேயே ஆள் இரண்டு மடங்கு சேர்வது அபூர்வம். பிறகு ஏற்றுவது அதைவிடக் கஷ்டம்.

அந்த 47%-ஐயும் நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயிலில் அந்தரங்கப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, மடலில் உள்ள படங்களை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. ஆள் தொடாமலே திறந்ததாகக் கணக்கில் ஏறும். கிளிக்கைப் பாருங்கள். அதிலும் ஒரு மடலின் எல்லா லிங்கும் சில நொடிக்குள் கிளிக் ஆகியிருந்தால் அது அலுவலக மெயிலின் வைரஸ் சோதனை. கழித்துவிடுங்கள்.

இந்த நாலு எண்ணும் கிடைத்தால் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லிவிடலாம்:
1. கடந்த 90 நாளில் ஒரு முறையாவது கிளிக் செய்தவர்கள்
2. விலைப் பக்கத்துக்கு வந்த தனி ஆட்கள்
3. 'பணம் கட்டு' பட்டனை அழுத்தியவர்கள்
4. பணம் போய்ச் சேர்ந்தவர்கள்

பொட்டிக்கடை:
இத்தனை குடைச்சல் எதுக்கு? செய்திமடல் தளமான சப்ஸ்டாக்குக்கு மாறிடுங்க. எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க.

மெயில்வாகனம்:
பொட்டிக்கடை, வாசகர் அமெரிக்காவில் இருந்தால் சரி. சப்ஸ்டாக் 10% எடுக்கும், அதற்குமேல் பணம் வாங்கித் தரும் ஸ்டிரைப் நிறுவனத்தின் கட்டணம். அந்த ஸ்டிரைப்தான் சிக்கல், இந்தியாவில் புதியவர்களுக்கு அழைப்பின் பேரில்தான் கணக்கு. கோஸ்ட் என்ற இன்னொரு மடல் தளம் சந்தாவில் பங்கு கேட்காது, ஆனால் அதுவும் ஸ்டிரைப்பைத்தான் நம்பியிருக்கிறது. இவர் வாசகர்கள் ஜிபேயில் டீக்கு ₹12 கட்டுகிற ஆட்கள். உள்ளூர் கேட்வே, அதாவது ஸ்டிரைப் போலப் பணம் வாங்கித் தரும் உள்ளூர் நிறுவனம்தான் இவருக்குத் தோது.

நூல்கண்டு:
எண்கள் எடுத்துவிட்டேன். 1) 910. 2) 340. 3) 118. 4) 34. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் விட்ட 84 பேரில், கார்டு பதிவின்போதே வங்கி மறுத்தது 52. பாதியில் போனவர்கள் 32. இதை முன்பே பார்க்காமல் விட்டுவிட்டேன்.

மெயில்வாகனம்:
அப்போது விலை அல்ல சிக்கல். 910 பேரில் 34 என்றால் 3.7%. பத்தே வாரத்துக்கு அது மோசமில்லை. ₹149-ஐப் பார்த்துவிட்டு 118 பேர் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள், அதில் 84 பேருக்கு உங்கள் கல்லாப்பெட்டி திறக்கவில்லை.

காரணம் இது. மாதாமாதம் தானாகப் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானாகப் பிடிக்க வாசகர் தரும் முன் அனுமதி) விதி 2021 அக்டோபர் 1 முதல் கறாராக நடப்பில் இருக்கிறது. முதல் பதிவுக்கு ஓடிபி வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு போக வேண்டும். ₹15,000 வரை அடுத்தடுத்த பிடித்தங்களுக்கு ஓடிபி தேவையில்லை. வாசகரின் வங்கியோ, அந்த வகை டெபிட் கார்டோ இந்த ஏற்பாட்டில் இல்லையென்றால் பதிவே ஆகாது. அவருக்குத் திரையில் தெரிவது 'தோல்வி' என்ற ஒரு வார்த்தை. கார்டில் காசு இல்லை என்று நினைத்துக்கொள்வார், அல்லது உங்கள் தளம் டுபாக்கூர் என்று.

செய்ய வேண்டியது:

வருடச் சந்தாவை முதலில் வையுங்கள், அதையும் ஒரே தடவை கட்டும் சாதாரணக் கட்டணமாக. மேண்டேட் வேண்டாம். யுபிஐயில் பின் போட்டால் முடிந்தது. வருட விலை மாத விலையைப் போல் பத்து மடங்கு, அதாவது ₹1,490. கேட்வே 2% என்றால் ₹29.80, அதன்மேல் 18% ஜிஎஸ்டி ₹5.36, கைக்கு ₹1,454.84. புதுப்பிப்பது அவர் கையில் இருப்பதால் முடிகிற தேதிக்கு 30 நாள், 7 நாள், 1 நாள் முன்பு மூன்று நினைவூட்டல் தானாகப் போகும்படி இப்போதே அமைத்துவிடுங்கள். வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

மாதச் சந்தா வேண்டும் என்பவர்களுக்கு, யுபிஐ வழியே தானாகப் பிடிக்கும் ஆட்டோபே. கேட்வேயில் அது பல நேரம் தானாக இயங்காது, கேட்டு வாங்க வேண்டும். கார்டு மூன்றாவது வழியாக இருக்கட்டும்.

அந்த 84 பேருக்குத் தனி மெயில். மொத்தமாக 'சலுகை' மெயில் அடிக்காதீர்கள். இப்படி நாலு வரி போதும்:

"வணக்கம் சார். போன மாதம் நம்ம மடலுக்குச் சந்தா கட்ட முயன்றீர்கள், பணம் ஏறவில்லை. தவறு உங்கள் பக்கம் இல்லை. நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு பல வங்கிகளின் கார்டை ஏற்கவில்லை. இப்போது யுபிஐயில் ஒரே தடவையில் கட்டலாம், லிங்க் கீழே. இன்னும் சிக்கல் இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்."

போகிறபோக்கில் ஓர் எச்சரிக்கை. ஒரே தடவைக் கட்டணத்தில் 'ஆட்டோ கேப்சர்' (வந்த பணத்தைத் தானாக ஏற்றுக்கொள்ளும் வசதி) இயங்குகிறதா என்று கேட்வே அமைப்பில் பாருங்கள். அது இல்லையென்றால் பணம் வாசகர் கணக்கிலிருந்து போகும், 'ஆத்தரைஸ்டு' என்று நிற்கும், யாரும் கவனிக்காவிட்டால் சில நாளில் அவருக்கே திரும்பிவிடும்.

எழுத்தாணி:
340 பேர்தான் விலைப் பக்கத்துக்கே வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 910 பேர் கிளிக் செய்கிறார்கள், ஆனால் பட்டன் பலர் கண்ணிலேயே பட்டிருக்காது. மடல் 2,300 சொல் என்கிறீர்கள். ஜிமெயில் 102 கேபிக்கு மேல் போன மெயிலை வெட்டி, 'முழு மெயிலையும் பார்க்க' என்று ஒரு சின்ன லிங்க் மட்டும் காட்டும். மெயிலில் வழக்கமான யுடிஎஃப்-8 யூனிகோடில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' என்பது க-வும் ஒகரக் குறியும், ஆக 6 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு 1 பைட்தான். அதனால் ஆங்கில மடல்காரருக்கு வராத வியாதி நமக்கு வரும்.

மடலின் எச்டிஎம்எல்லை (அதன் மூல வடிவத்தை) ஒரு கோப்பாகச் சேமித்து அளவைப் பாருங்கள். சில பழைய எடிட்டர்கள் தமிழ் எழுத்தை எண் குறியீடாக மாற்றிவிடும். 'க' என்பது க ஆகிவிடும்; 3 பைட் 7 ஆகும். வேர்டிலிருந்து ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஸ்டைல் குப்பையும் சேர்ந்து வரும்.

நூல்கண்டு:
118 கேபி! வேர்டிலிருந்து ஒட்டுவதுதான் வழக்கம்.

எழுத்தாணி:
அப்போ பட்டன் வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருந்திருக்கும். திறப்பைக் கணக்கிடும் குட்டிப் படமும் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும், அதுவும் போயிற்று. நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடிட்டருக்குக் கொண்டு போங்கள். 80 கேபிக்குள் நிறுத்துங்கள். பட்டனை முதல் செய்தி முடிகிற இடத்தில் வையுங்கள், கடைசியில் இன்னொன்று இருந்தாலும் பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் குழாயின் ஒழுகலை அடைக்கிறார்கள், நல்லது. ஆனால் தொட்டியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முழு மடலும் இலவசம், கட்டினால் மாதம் 'கூடுதல்' ஒன்று. ஏற்கெனவே 2,300 சொல்லைப் படித்து முடிக்க நேரமில்லாதவருக்கு இன்னொரு மடல் பரிசா, தண்டனையா?

தகவலை இலவசமாகக் கொடுங்கள். வேலையை முடித்துக் கொடுப்பதற்குக் காசு வாங்குங்கள். உங்கள் துறையிலேயே உதாரணம்: உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இந்தச் செய்தி இலவசம். பார்ட்டிக்கு அனுப்ப வேண்டிய கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும், பில் தேதியைப் போட்டால் வட்டி வந்து விழும் எக்செல் தாள், வராத பாக்கிக்காக அரசின் இணையதளத்தில் புகார் போட என்னென்ன இணைக்க வேண்டும் என்ற பட்டியல், இவை கட்டணம். ₹80,000 பாக்கி நிற்கிற ஆளுக்கு ₹1,490 ஒரு பொருட்டே இல்லை.

பட்டனில் 'எங்களை ஆதரியுங்கள்' என்று எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். பட்டறைக்காரர் ஆதரிக்க மாட்டார், வாங்குவார். 'பாக்கி வசூல் கடிதமும் வட்டித் தாளும் எடுக்க' என்று எழுதுங்கள்.

நாள் பார்த்துக் கேளுங்கள். மாதாமாதம் கடைசித் தேதிகள் இவை: 7 டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் கணக்கு). 'இந்த மாதச் சரிபார்ப்புப் பட்டியல்' கட்டணப் பொருளாக 3-ஆம் தேதி போகட்டும், அதன் முதல் மூன்று வரி இலவசப் பட்டியலுக்கும். 10, 19 தேதிகளில் கேட்காதீர்கள், எவரும் மெயில் பார்க்க மாட்டார்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். 4,180 பேரையும் வாரம் தவறாமல் நச்சரித்தால் ஸ்பாம் பட்டனை அழுத்துவார்கள். புகார் 0.3%-ஐத் தொட்டால் ஜிமெயில் ஓரங்கட்டத் தொடங்கும், 0.1%-க்குள் இருப்பது நல்லது. 90 நாளில் மூன்று கிளிக்குக்கு மேல் உள்ளவர்களைத் தனியே பிரித்து, பத்து நாளில் நாலு மெயில்: முதலாவது ஒரு கடித மாதிரியை முழுசாகக் கொடுப்பது, இரண்டாவது உள்ளே இருப்பவற்றின் பட்டியல், மூன்றாவது 'எது தடுக்கிறது, ஒரு வரி பதில் போடுங்கள்', நாலாவது அறிமுக விலை முடியும் தேதி. தேதி சொன்னால் அன்றோடு முடித்துவிட வேண்டும். ஒரு தடவை நீட்டினால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜிஎஸ்டி பற்றி எழுதுபவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும்: விற்றுமுதல் ₹20 லட்சத்துக்குள் இருந்து பதிவு எடுக்கவில்லையென்றால் வரி வசூலிக்கக் கூடாது. உள்வரி வரவு (கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கேட்டு வாசகர் நச்சரிப்பார். 'ரசீது மட்டும் தரப்படும்' என்று விலைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

காளைமாடு:
இடையில் ஒரு சந்தேகம். என்னுடையது பங்குச்சந்தை மடல். எந்தப் பங்கை எந்த விலையில் வாங்கலாம் என்பதைக் கட்டணப் பகுதியில் வைக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
செபி (பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம்) பதிவு இல்லாமல் கூடாது. ஆய்வாளர் விதிகள் 2014, முதலீட்டு ஆலோசகர் விதிகள் 2013, இரண்டில் ஒன்றுக்குள் வந்துவிடுவீர்கள். 'கல்வி நோக்கம் மட்டும்' என்று அடியில் போட்டால் தப்பிக்க முடியாது. இதற்குத் தனி விவாத இழை தொடங்குங்கள்.

நூல்கண்டு:
12 நாள் கழித்து வருகிறேன். மடல் இப்போது 71 கேபி, பட்டன் மேலே. வருடச் சந்தா அறிமுக விலை ₹1,199, மாதக் கடைசி வரை. 84 பேருக்கும் அந்த மெயில் போனது, 23 பேர் கட்டிவிட்டார்கள். வட்டித் தாள் போட்ட வாரம் புதிதாக 14 பேர். ஆனால் ஒரு தலைவலி: நாலு பேர் 'பணம் கட்டிவிட்டேன், கட்டண மடல் வரவில்லை' என்கிறார்கள். கேட்வேயில் பணம் வந்திருக்கிறது.

மெயில்வாகனம்:
மடல் வாங்கும் மெயிலும், பணம் கட்டும்போது கொடுத்த மெயிலும் வேறாக இருக்கும். பட்டறை மெயிலில் படிப்பார், கட்டும்போது போன் தானாக நிரப்பியதை விட்டுவிடுவார், அல்லது மகன் கட்டுவார். பணம் வந்ததை மடல் மென்பொருளுக்குத் தானாகச் சொல்லும் கேட்வேயின் வெப்ஹுக் புது முகவரிக்குக் 'கட்டணம்' என்று முத்திரை குத்தும், பழைய முகவரி இலவசத்திலேயே கிடக்கும்.

மடலில் உள்ள கட்டண லிங்கின் கடைசியில் வாசகரின் மெயில் முகவரியைத் தானாக இணைக்கும் குறியைப் போடுங்கள். மெயில் மென்பொருள் அனுப்பும்போது ஆளுக்கு ஆள் மாற்றி நிரப்பும், கட்டணப் பக்கத்தில் முகவரிக் கட்டம் நிரம்பியே திறக்கும். வாட்ஸாப்பில் அந்த லிங்கை மற்றவருக்கு அனுப்பினால் இவர் முகவரியோடு போகும், அதனால் பகிர்வதற்குத் தனி லிங்க் வையுங்கள். இப்போதுள்ள நாலு பேரைக் கையால் மாற்றுங்கள். போன் எண்ணை வைத்துத் தேடுங்கள், அது பெரும்பாலும் மாறியிருக்காது.

நூல்கண்டு:
மூன்று பேர் அப்படித்தான், போன் எண்ணில் பிடித்துவிட்டேன். நாலாமவர் முகவரியில் 'ஜிமெயில்' என்பதை 'ஜிமயில்' என்று அடித்திருக்கிறார்.

எழுத்தாணி:
மெயில்வாகனம் பெயருக்குப் பொருத்தம்தான். பணம் வந்ததும் போகிற முதல் மெயில் திரும்பி வந்தால் உங்களுக்கு எச்சரிக்கை வரும்படி வைத்துவிடுங்கள், அன்றைக்கே போன் போட்டுத் திருத்திவிடலாம்.